நான் பார்க்காத துறைமுகம்

நான் எந்தக் கப்பலிலும் வேலை செய்ததில்லை. இதை எழுத எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பொடியன்கள் பலர் கிரேக்கக் கப்பல்களில் வேலைக்கு ஏறினார்கள். நானும் அந்த ஆசையில் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகம் வரை போனேன். இன்றைக்கு ஏற்றுகிறேன், நாளைக்கு ஏற்றுகிறேன் என்று ஏஜென்ட் எட்டு மாதம் இழுத்தடித்தான். எட்டு மாதமும் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். பிறகு எப்படியோ கனடாவின் மொன்றியல் வந்து சேர்ந்தேன். கலியாணம் பேசும்போது பெரியம்மா பெண்வீட்டாரிடம், "பொடியன் கப்பலிலை ஓடினவன்" என்று சொல்லிவிட்டார். கப்பல்காரன் என்றால் அப்போது எங்கள் சனத்திடம் தனி மதிப்பு. பெண்ணுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

பொய்க்குத் தீனி போட வேண்டும் அல்லவா? நூலகத்தில் கிரேக்கத் துறைமுக நகரங்களின் வரலாற்றை எடுத்துப் படித்தேன். வெனிஸ்காரர் எங்கெங்கே கோட்டை கட்டினார்கள், எந்தத் தீவுகளிலிருந்து உலர்ந்த திராட்சை இங்கிலாந்துக்குப் போனது, நீராவிக் கப்பல் வந்ததும் எந்தத் துறைகள் ஓய்ந்துபோயின, எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மிச்சத்தை இட்டுக்கட்டுவது துறைமுக ஊரான திருகோணமலையில் பிறந்தவனுக்குப் பெரிய வேலையில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். கிரேக்கர், தொண்ணூறை நெருங்குகிற வயது. அயோனியக் கடல் தீவொன்றின் சிறிய துறைமுகத்திலிருந்து இளவயதில் புறப்பட்டு வந்தவர். நான் கப்பல்காரன் என்று என் மனைவி சொல்லக் கேட்டதும், ஊரின் பெயரைச் சொல்லி, "அங்கே வந்திருக்கிறாயா?" என்றார். புத்தகத்தில் நான்கு பக்கம் படித்த ஊர். "இரண்டு தரம்" என்றேன். என் ஓட்டைக் கிரேக்கமும் எங்கள் இருவருடைய ஓட்டைப் பிரெஞ்சும் கலந்த பேச்சு அது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் வேலை முடிந்து வந்ததும் கீழே கூப்பிடுவார். கோப்பி ஊற்றித் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நான் கல் பாவிய கரையைச் சொல்வேன். மரப் பலகணி வைத்த வியாபாரிகளின் வீடுகளைச் சொல்வேன். கரையைப் பார்த்து நிற்கும் மணிக்கோபுரத்தைச் சொல்வேன். "மணி அடித்ததைக் கேட்டாயா?" என்பார். "மேல்தட்டில் நின்று கேட்டேன்" என்பேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"உங்கடை கதையைக் கேட்டால்தான் அந்த மனிசன் ரெண்டு வாய் சாப்பிடுது" என்பாள் என் மனைவி. எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. கேட்கிறவன் கேனையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும் என்று நினைத்துக்கொண்டு படியேறுவேன்.

போன மாரிக்கு முன் ஒரு ஞாயிறு, லாசாலிலிருந்து அவருடைய மகள் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். நான் கோபுரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் கையிலிருந்த சட்டியை மேசையில் வைத்தார்.

"மன்னிக்க வேண்டும், நீங்கள் அந்தக் கோபுரத்தை எப்படிப் பார்த்திருக்க முடியும்? ஐம்பதுகளில் வந்த நிலநடுக்கத்தில் ஊர் முழுவதும் விழுந்துவிட்டது. என் அப்பம்மா அந்தக் கோபுரத்துக்கு அடியில்தான் செத்தார்."

என் புத்தகம் நீராவிக் கப்பல் வந்த காலத்தோடு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊருக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு மனிதரின் தாய் செத்த இடத்தில் நின்று இத்தனை நாளும் மணியடித்துக் காட்டியிருக்கிறேன்.

கிழவர் கண்ணைத் திறந்தார். மகளிடம், "அவனை விடு" என்றார். அந்த அளவுக்குக் கிரேக்கம் எனக்குப் புரியும். பிறகு என் பக்கம் திரும்பி, "கரையில் வேறு யார் நின்றார்கள்?" என்று கேட்டார். மேலே வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நானாகவே போய், கோப்பை கழுவியதிலிருந்து புத்தகம் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "முதல் நாளே தெரியும்."

"பிறகேன் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?"

"அங்கிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஊர் விழுந்த கதையைத்தான் சொல்கிறார்கள். விழாத ஊரை எனக்குச் சொல்ல நீ ஒருவன்தான் இருந்தாய்."

சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் சொல்லப் பார்த்தேன். கல் பாவிய கரை என்று தொடங்கினேன், அதற்கு மேல் நாக்கு எழவில்லை. பொய் என்று என் வாயாலேயே சொன்ன பிறகு எந்தக் கரையில் யாரை நிறுத்துவது? உண்மையைச் சொன்னது என் பாரம் குறையத்தான். அவருக்கு அதனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பொய் சொன்னதைவிட அதற்குத்தான் இன்று அதிகம் வெட்கப்படுகிறேன்.

வெகுநேரம் காத்திருந்துவிட்டு அவர் கண்ணைத் திறந்தார். "பரவாயில்லை, வேலை செய்து களைத்திருப்பாய்" என்றார். அதன் பிறகு அவர் தன் ஊரைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை.