ஆளோடு இறங்கிய கேஜ்

மாரிகுப்பம் ரயிலில் தினமும் எனக்கு எதிரே ஒருவர் உட்காருவார். நரைமீசை, மடியில் லேப்டாப். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்துமுன்னும் விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். அன்று திரையெங்கும் சிவப்பு.

“இன்னா சார் ஆச்சு?”

“ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர். குழந்தைக்குப் பெரியவங்க டோஸ் காட்டுது, டெஸ்ட்டு புடிச்சிடுச்சு. சரிபண்ண ரெண்டு நாள் வேணும். டெஸ்ட்டை ஸ்கிப் பண்ணி இன்னைக்கே அனுப்புன்றான் மேனேஜர்.”

“முடியாதுன்னு சொல்லுங்க.”

“போன வாரம் அப்படி சொன்னவன் வேலை போயி வீட்ல குந்தினுகிறான். எங்கப்பா காலத்து தங்கச் சுரங்கத்துல காலி கேஜை, அதான் லிஃப்ட் கூண்டை, எறக்கிப் பார்த்துட்டுத்தான் ஆளை ஏத்துவாங்க. நாங்க ஆளோடயே எறக்குறோம்.”

விரலைத் துடைத்து ‘ஸ்கிப்’பை அழுத்தினார். வெளியே, தங்கம் பிரித்த சயனைடு கழிவு மேடுகளில் புல்லில்லை; திரை மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது.

“பாருங்க, மேனேஜர் வாழ்த்து அனுப்பிட்டாரு.”

எந்த ஆஸ்பத்திரி என்று அவரிடம் கேட்காமலே இறங்கிவிட்டேன். இப்போது என் மகளுக்கு மருந்து எழுதும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சந்தேகிக்கிறேன்.