தேய்ந்த டயர் போனது, புது டயர் புதைந்தது

1. நாலையும் கழற்று

அந்த வெள்ளை டபிள் கப் பிக்கப் வண்டி திங்கட்கிழமை காலை மானிப்பாயில் எங்கள் கடை வாசலில் ஏறி நின்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் தனியாகத் தெரிவு செய்து கொடுத்த முதல் நான்கு டயர்கள் அதில் பூட்டியிருந்தன. பூட்டி ஐந்து நாள். நன்றாக ஓடுகிறது என்று சொல்ல வந்திருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

கதவைத் திறந்து இறங்கியவர் அருளப்பு சம்மாட்டி. வடமராட்சி கிழக்கில் மூன்று படகும் கரைவலையும் வைத்திருப்பவர். அவருடைய தங்கை மானிப்பாயில் கலியாணம் கட்டியிருப்பதால், வண்டிக்கு எது தேவை என்றாலும் எங்கள் கடைக்குத்தான் வருவார்.

"தங்கச்சி, நாலையும் கழட்டு. என்ரை பழைய டயரைத் திருப்பிப் பூட்டு."

"ஏன் ஐயா, என்ன நடந்தது?"

"என்ன நடந்ததோ? தேஞ்சு மொட்டையாக் கிடந்த டயரிலை நாலு வரியம் மணல்லை போய் வந்தனான். ஒரு நாள் தாழேல்லை. உன்ரை புது டயரிலை ரெண்டு தரம் அச்சு வரைக்கும் இறங்கிட்டுது. ரக்டர் கொண்டந்து கட்டி இழுத்தது. கடற்கரை முழுக்கச் சிரிக்குது, சம்மாட்டி மணலுக்கை கிணறு வெட்டுறார் எண்டு."

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். மண் ஒட்டிய டயரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்ரை கடதாசியிலை இருக்கிற கேள்வி எல்லாம் கேட்டுத்தானே குடுத்தனி?"

"ஓம் அண்ணை."

"அப்ப கடதாசி பிழை. இல்லாட்டி நீ பிழை." சம்மாட்டியின் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ. அதுக்குள்ளை சரிவராட்டி டயரை நான் எடுக்கிறன். இவ பழையபடி பில் மேசைக்குப் போகட்டும்."

பில் மேசையில் இருப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் டயர்க் கடைக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தால் அங்கேதான் இருத்துவார்கள். நானும் எட்டு மாதம் இருந்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். குருநகரில் அம்மா கோயிலுக்குப் போகும்போதெல்லாம், "என்ரை மகள் டயர்க் கடையிலை எஞ்சினியர்" என்று சொல்லுவா. நான் அதைத் திருத்தியதில்லை. டயர்ப் பக்கம் நிற்க விடுங்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்தேன். சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

2. ஆறு கேள்விகள்

இந்தத் துறைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக, அந்த டயரை நான் எப்படித் தெரிவு செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு டயர் கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் பல்லைப் பார்த்துத்தான் கேட்பார்கள். பல் பெரிதாக இருந்தால் எங்கேயும் ஏறும் என்று ஒரு நினைப்பு. சம்மாட்டியும் அப்படித்தான் வந்தார். "மட் டயர் தா. பல்லைப் பாத்தாப் பயம் வரவேணும்" என்றார்.

என்னிடம் ஒரு கடதாசி இருந்தது. நானே எழுதியது. எந்த நிலத்தில் ஓடும், தார் வீதியில் எவ்வளவு தூரம், எவ்வளவு பாரம், பழைய டயர் எதனால் பழுதானது, மழையில் ஓடுமா, யார் ஓட்டுவது. மொத்தம் ஆறு கேள்விகள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடற்கரையில் இருக்கும் வாடியிலிருந்து, அதுதான் மீனவர் கொட்டில், தார் வீதிக்கு வர ஒன்றரைக் கிலோமீற்றர் மணல். பிறகு பதினெட்டுக் கிலோமீற்றர் தார். பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டிகள். சந்தியில் மீன் ஏற்றும் கொழும்பு லொறி பத்தரைக்குப் புறப்படும். மழைக்கு மொட்டை டயர் தாரில் வழுக்குகிறது. வீட்டு ஒழுங்கையில் சுண்ணாம்புக்கல் முனை குத்தி, டயரின் பக்கம் இரண்டு தரம் கிழிந்துவிட்டது.

மட் டயர் வேண்டாம் என்றேன். அதன் பல் சேற்றைக் கிழித்து வெளியே தள்ளும். காய்ந்த மணலில் அதே பல் குழி தோண்டும். தாரில் இரைச்சல், மழையில் பிடிப்பும் குறைவு. ஓல் டெரெய்ன் டயர் எல்லா நிலத்துக்கும் நடுவில் நிற்கும் சாதி. எதிலும் முதலாம் பிள்ளை இல்லை, எதிலும் தோற்காது. கல்லுக்கும் பாரத்துக்குமாகப் பக்கம் தடித்த, பத்து அடுக்குள்ள பத்துப் பிளை டயரைத் தெரிவு செய்தேன். "காத்துக் குறைச்சு மட்டும் தாரிலை ஓடிப் போடாதேங்கோ ஐயா. பக்கம் மடிஞ்சு மடிஞ்சு சூடேறி வெடிக்கும்" என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன்.

இன்றைக்கும் அந்தத் தெரிவு பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மொட்டை டயர் போன இடத்தில் புது டயர் ஏன் புதைந்தது? அன்றிரவு அதற்குத்தான் எனக்கு நித்திரை வரவில்லை. பில் மேசைக் கவலை கூட அதற்குப் பிறகுதான்.

3. அடிமட்டமும் மணலும்

புதன்கிழமை விடிய ஸ்கூட்டியில் கடற்கரைக்குப் போனேன். காற்று அளக்கும் கேஜ், நீளம் அளக்க ஓர் அடிமட்டம், எழுத ஒரு கொப்பி. வாடியில் ஏழெட்டுப் பேர் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சம்மாட்டியார், டயர் டொக்டர் வந்திருக்கிறா" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"அடிமட்டம் எதுக்குப் பிள்ளை? மணலுக்குச் சட்டை தைக்கவோ?" என்றார் இன்னொருவர்.

நான் முதலில் காற்றை அளந்தேன். நான்கிலும் நாற்பத்திரண்டு பி.எஸ்.ஐ. பாரத்துக்கென்று இறுக்கி அடித்திருந்தார். வண்டியை மெல்ல முன்னால் எடுக்கச் சொல்லிவிட்டுத் தடத்தைப் பார்த்தேன். பல் ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியதுபோல் ஆழமாகப் பதிந்திருந்தது. சம்மாட்டியின் பழைய மொட்டை டயர் ஒன்று வாடிக்குப் பின்னால் கிடந்தது. கையால் அமுக்கிப் பார்த்தேன். பக்கம் இளகி, துணிபோல் மடிந்தது. எனக்குப் பாதி விளங்கிவிட்டது. பழையது மணலைக் கிழிக்கப் பல்லில்லாமல், மெத்தை மாதிரிப் பரந்து மேலால் போயிருக்கிறது. புதியது தடித்த பக்கமும் புதுப் பல்லுமாக, அதே காற்றில் கல் உருளை மாதிரி உருண்டு உள்ளே இறங்குகிறது.

டயர் நிலத்தில் படும் நீளத்தை அளந்தேன். வால்வைத் திறந்து முப்பதுக்கு இறக்கி மறுபடி அளந்தேன். இருபத்திநாலு. பதினெட்டு. ஒவ்வொரு தரமும் கொப்பியில் குறித்தேன். பதினெட்டில் தடம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நீண்டிருந்தது. பல் பதிந்த ஆழம் பாதிக்கும் குறைவு.

"இப்ப ஏறிப் பாருங்கோ ஐயா" என்றேன்.

எட்டுப் பெட்டி மீனோடு வண்டி மணல் மேட்டில் ஏறியது. இரண்டு தரம் புதைந்த அதே இடம். சில்லு ஒரு சுற்றுக்கூடச் சும்மா சுழலவில்லை. நான் கொப்பியை மூடிக்கொண்டு பெருமையாக நின்றேன். வலையில் இருந்தவர்கள் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் தட்டவில்லை.

சம்மாட்டி மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"தங்கச்சி, காத்தை இறக்கினா மணல்லை ஏறும் எண்டு எங்களுக்குத் தெரியாதோ? உதிலை நிக்கிற ரக்டருக்கு எத்தினை காத்து எண்டு அளந்து பார். பன்ரெண்டும் இராது."

"அப்ப ஏன் ஐயா இதுக்கு நாப்பத்திரண்டு?"

"ரக்டர் இஞ்சையே கிடக்கும். இது தாருக்குப் போகவேணும். இறக்கின காத்தைத் தாறது ஆர்? காத்து அடிக்கிற கடை சந்தியிலை, பதினெட்டுக் கட்டை. காத்துக் குறைச்சுத் தாரிலை ஓடாதேங்கோ, வெடிக்கும் எண்டு ரெண்டு தரம் சொன்னது ஆர்? நீதானே?"

வலைப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "டொக்டரையே ஊதச் சொல்லுங்கோ சம்மாட்டியார். படிச்ச மூச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முகம் எரிந்தது. அவர் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டிருக்கிறார். அதனால்தான் புதைந்திருக்கிறார். பாதிப் புத்தி சொல்லி அனுப்பியவள் நான். இப்போது நான்கு டயரிலும் பதினெட்டு. லொறி பத்தரைக்கு. அந்தப் பதினெட்டுக் கிலோமீற்றரையும் அவர் சைக்கிள் வேகத்தில் ஓடவேண்டியிருந்தது. நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போய், இரண்டு இடத்தில் நிறுத்தி டயரின் பக்கத்தைத் தொட்டுச் சூடு பார்த்தேன். லொறிக்காரர் திட்டிக்கொண்டு காத்திருந்தார்.

4. மிச்சக் காற்று

திரும்பி வாடிக்குப் போய் என் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு புறப்படும்போதுதான் அதைக் கண்டேன். இரண்டு வாடி தள்ளிச் சங்கு குளிக்கிறவர்களின் படகு கரைக்கு வந்திருந்தது. ஒருவர் முதுகிலிருந்து காற்றுச் சிலிண்டரைக் கழற்றி மணலில் வைத்தார்.

என் அப்பாவும் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்குகிறவர்தான். சிறு வயதில் எங்கள் வீட்டு முற்றத்தில் சிலிண்டர்களுக்கு நடுவில்தான் விளையாடினேன். ஒரு சுழியோடியும் சிலிண்டரை முழுதாக முடித்துவிட்டு மேலே வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆபத்துக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் வருவான். நிரப்பக் கொண்டுபோகும்போது அந்த மிச்சம் அதிலேயே கிடக்கும். இவ்வளவு காலமும் அதை நான் டயரோடு சேர்த்து யோசித்ததே இல்லை. வீட்டில் இருப்பது வேறு, நான் படித்தது வேறு என்று வைத்திருந்தேன்.

படகுக்காரர் பெயர் பீற்றர். மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். மீற்றரைக் காட்டினார். ஐம்பது பார். டயர்க் கணக்கில் எழுநூறு பி.எஸ்.ஐ.க்கு மேல்.

"பீற்றர் அண்ணை, உந்த மிச்சத்தை டயருக்குத் தருவியளோ?"

"என்ன பிள்ளை, எங்கடை மூச்சை எடுத்துச் சம்மாட்டியின்ரை டயருக்கோ?"

"நீங்கள் விட்டு மிஞ்சின மூச்சைத்தானே கேக்கிறன்."

அவர் சிரித்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். அவருக்கும் ஒரு கரைச்சல் இருந்தது. பாவித்த சிலிண்டர்களை மோட்டார்சைக்கிளில் ஒவ்வொன்றாகக் கட்டிச் சந்திக்குக் கொண்டுபோய் நிரப்புகிறார். சம்மாட்டியின் வண்டி தினமும் அந்தப் பக்கம்தான் போகிறது. சிலிண்டரை அவர் ஏற்றிக்கொண்டு போனால், மிச்சத்தை இவர் கொடுப்பார். சம்மாட்டியைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் கதைக்க வைத்தேன். இரண்டு வாடிக்கும் பழைய வலைப் பிரச்சினை ஒன்று இருந்ததாம். அதையும் அங்கேயே கொஞ்சம் கதைத்துத் திட்டிக்கொண்டார்கள். கடைசியில் சம்மாட்டி, "சரி, ஏத்து" என்றார்.

இதை வாசித்துவிட்டு யாரும் சிலிண்டரை நேரே டயரில் பூட்டிவிடக்கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு டயர் கிழிந்து ஆளையும் கொண்டுபோகும். சுழியோடிகள் பாவிக்கும் ரெகுலேற்றர் நடுவில் இருக்கவேண்டும். அதிலும் இரண்டு வகைத் துளைகள் இருக்கும். அழுத்தம் குறைந்து வரும் துளையில் மட்டும்தான் குழாய் பூட்டலாம். அந்தத் துளை எது என்று அன்றிரவு அப்பாவின் ரெகுலேற்றரிலேயே அவரிடம் காட்டி இரண்டு தரம் சரிபார்த்தேன்.

"படிச்சு முடிச்சிட்டுக் கடைசியிலை என்ரை சாமானுக்குத்தான் வந்திருக்கிறாய்" என்றார் அப்பா.

மறுநாள் கடையில் குழாய், வால்வில் மாட்டும் தலை, கேஜ் மூன்றையும் சேர்த்து ஒன்று செய்தோம். முதலாளி பார்த்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை காலை டயரில் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கி மணலைத் தாண்டி, தார் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். பீற்றர் அண்ணை சிலிண்டரைத் திறந்தார். கேஜில் முள் ஏறியது. இருபத்தைந்து, முப்பது, முப்பத்தெட்டு. முதல் சிலிண்டரின் மிச்சம் மூன்று டயருக்குப் போதுமாக இருந்தது. நாலாவதுக்கு இரண்டாவது சிலிண்டர். முழு வேலைக்கும் பதின்மூன்று நிமிடம். லொறிக்காரர் அன்றைக்குத் திட்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

5. சனிக்கிழமை

சனிக்கிழமை பத்து மணிக்கு டபிள் கப் வந்தது. முதலாளி ஜாக்கியை இழுத்து வாசலில் வைத்திருந்தார். சம்மாட்டி இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "என்ரை பழைய டயர் மிச்சம் மூண்டும் எங்கை?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பில் மேசையைப் பார்த்தேன். போன வாரம் நான் மேசை துடைத்த துணி அதே இடத்தில் கிடந்தது.

"பின்னுக்குக் கிடக்கு" என்றார் முதலாளி. "கழட்டிப் பூட்டத் தொடங்கட்டோ?"

"ஆர் பூட்டச் சொன்னது? புதுப் படகின்ரை பக்கத்திலை கட்டி விடுறதுக்கு. இறங்குதுறையிலை இடிச்சு இடிச்சுப் பெயின்ற் போகுது." என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உந்தக் காத்துக் குழாயிலை இன்னொண்டு செய்து தா. பக்கத்து வாடிக்காரனும் கேக்கிறான். அவனும் இதே டயர்தான் போடப்போறானாம்."

முதலாளி ஜாக்கியை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், "உன்ரை கடதாசியிலை இடம் இருக்கோ?" என்று கேட்டார்.

இடம் இருந்தது. ஆறாவது கேள்விக்குக் கீழே ஏழாவதை எழுதினேன். "இறக்கிய காற்றை எங்கே நிரப்புவீர்கள்?"

டயரைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கும். அவர் ஓடும் நிலத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது அதைவிடக் கூட. அவர் ஒரு பிழை செய்வதுபோல் தெரிந்தால், திருத்துவதற்கு முன் ஏன் செய்கிறார் என்று கேட்டுவிடுங்கள். பல நேரம் அது எங்கள் பிழையாக இருக்கும்.

இப்போது நான் டயர்ப் பக்கம்தான் நிற்கிறேன். வடமராட்சி கிழக்கிலிருந்து யார் வந்தாலும் முதலாளி உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பார்: "டிலானி, மணல் வந்திருக்குது." நான் கடதாசியை எடுத்துக்கொண்டு போய் ஏழாவது கேள்வியிலிருந்து தொடங்குவேன்.