கடலில் ஊற்றிய நல்ல தண்ணீர்

நடுக்கடலில் ஆறு நாள், குடிதண்ணீரை என் கையாலேயே மொண்டு வெளியே ஊற்றியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்ள வேண்டாம்.

கொடைக்கானல் ஏரியில் வாடகைப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுப்போடுவது பதினான்கு வருடமாக என் வேலை. பேத்துப்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஒவ்வொரு படகிலும் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் டீயே குடிப்பேன். கப்பல் வேலையில் ஓய்வுபெற்று இங்கே குடியேறிய கேப்டன் ஒருவர் என் ஒட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, கொச்சியிலிருந்து செஷல்ஸ் தீவு வரை தன் பாய்மரப் படகில் பழுதுபார்க்க வருகிறாயா என்று கேட்டார். எங்கள் ஷெட் மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏரியில கால் நனைச்சவளுக்குக் கடல்ல என்ன சோலி? ஒரே வாரத்துல திரும்பி வந்துருவா, பாருங்க."

அந்த ஒரு பேச்சுக்காகவே கிளம்பினேன்.

கடலில் வேலை ஓயாது. விடிந்ததும் கயிறுகள் எங்கே உரசித் தேய்கின்றன என்று பார்த்து, அந்த இடத்தில் பழைய ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டுவேன். பாயில் பிரிந்த தையலைத் தைப்பேன். உப்பைத் துடைத்து, திருகுகளை முடுக்கி, நடுவே வாந்தியும் எடுத்துவிட்டுச் சோறு வடிப்பேன். இதற்கெல்லாம் முன்னால், தளப்பலகையைத் தூக்கி, அடியில் தேங்கியதை இரண்டு வாளி இறைத்துக் கொட்டுவேன். ஏரிப் பழக்கம்.

ஆறாம் நாள் சமையல் குழாயில் தண்ணீரோடு காற்றும் வந்தது; குடிதண்ணீர்த் தொட்டி வற்றுகிறது என்று அர்த்தம். கேப்டன் பலகையைத் தூக்கி, அடித்தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"ஏம்மா, உப்பே கரிக்கலையே. இது நம்ம தொட்டித் தண்ணியில்ல?"

கடற்கரையில் வளர்ந்தவர்கள் முதல் நாளே நக்கிப் பார்த்திருப்பார்கள். கரித்தால் கடல் உள்ளே வருகிறது, கரிக்காவிட்டால் தொட்டி ஒழுகுகிறது. ஏரியில் மழைத்தண்ணீரும் நல்ல தண்ணீர், ஒழுகி வருவதும் நல்ல தண்ணீர். அங்கே நாக்குக்கு வேலையே இல்லை. அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தொட்டியில் கால்வாசிதான் மிச்சம். பாதித் தூரம்கூட வந்திருக்கவில்லை.

"மாலத்தீவுக்குத் திருப்புறேன். அங்கருந்து விமானம் ஏத்தி விட்டுர்றேன், நீ ஊருக்குப் போயிரும்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பிப் போனால், வெறும் வாயை மெல்லுகிற மேஸ்திரிக்கு அவல் கொடுத்த கதைதான்.

"ஒரே ஒரு நாள் குடுங்க சார். நாளைக்கும் ஒழுகுச்சுன்னா நானே எறங்கிக்கிறேன்."

மிச்சத் தண்ணீரைக் கேன், பாட்டில், சோற்றுப்பானை என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைத்தோம். தொட்டியின் கீழ்மூலையில் மயிரிழை விரிசல். ரெசின் பசையில், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரை ஊர்க் கணக்குக்கே ஊற்றிக் கலக்கினேன். கொடைக்கானல் குளிரில் அரை நாள் காயாத ரெசின், அந்த வெக்கையில் கிண்ணத்திலேயே கல்லாகிவிட்டது. டப்பாவில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. கேப்டன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வெள்ளனே, வெயில் ஏறும் முன், ஹார்ட்னரைப் பாதியாகக் குறைத்துக் கலக்கினேன். படகு ஆட ஆட, நான் பலகையில் மோதிக்கொண்டே இருந்தேன். ஃபைபர் துணியை விரிசலில் அழுத்தி, அது இறுகும்வரை கையை எடுக்கவில்லை. மத்தியானம் தண்ணீரைத் திரும்ப நிரப்பி, அடியில் காய்ந்த துணியை விரித்துவிட்டுக் காத்திருந்தோம். பொழுது சாயும்போது கேப்டன் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை. அவர் படகைத் திருப்பவில்லை.

அதன் பிறகு ஆளுக்கு நாளைக்கு ஐந்து டம்ளர்தான். பாதிக் கடல்தண்ணீரில் சோறு. உதடு வெடித்து, தலை சிக்கு விழுந்து, செஷல்ஸ் போய்ச் சேர்ந்தேன்.

ஊருக்கு வந்ததும் ஷெட்டில் எல்லாவற்றையும் நானே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தண்ணிய ஊத்துன கதைய வெளிய சொல்லாம இருந்திருக்கலாம்ல, புள்ள?"

"எதுக்கு மறைக்கணும்? தப்புப் பண்றதுக்குக்கூட அங்க நாந்தானங்க போனேன். நீங்க ஒருத்தரும் வரலையே."