கழுத்தில் மாட்டிய பெயர்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் கறம்பக்குடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் என்னோடு வேலை பார்த்தவர் அந்த டீச்சர். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதை நூலால் கட்டியிருப்பார். புதிதாகச் சேரும் பிள்ளையின் பெயரை அட்டையில் எழுதி, முதல் நாளே அதன் கழுத்தில் மாட்டிவிடுவார்.

“எழுத்தே தெரியாம எப்படிங்க டீச்சர் படிக்கும்?” என்றேன்.

“கடலை பறிக்கையில பாதிப் பிள்ளைகள நிப்பாட்டிருவாங்க சார். தம் பேரையாச்சும் பாத்தாத் தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டுமே.”

வகுப்பைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், கரும்பலகையில் புதுச் சொல் ஒன்றை எழுதினார். ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை. டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் வகுப்பு எனக்கு வந்தது. முறைப்படி ‘அ’விலிருந்து தொடங்கினேன். அதன்பின் சேர்ந்த மாரியாயியைக் கடலை பறிக்க நிறுத்திய அன்று, நாங்கள் ‘ஔ’ வரை வந்திருந்தோம். அவள் பெயரின் முதல் எழுத்து இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.