பூதத்தை வென்ற வைத்தியர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். காக்களூரில் தகரக் கொட்டகையில் தகடு அடிக்கும் ஒரே பிரஸ் மெஷினோடு ஆரம்பித்து, யார் தயவும் இல்லாமல் மூன்று ஷெட் எழுப்பினேன். ஆனால் மறக்க முடியாத வெற்றி போன ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.

மாப்பிள்ளையும் நண்பர்களும் மேசையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் கட்டிக் கதை ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்வார்; மற்ற மூவரும் அதில் வரும் பூதத்தை வெட்டும் வாள்வீரர்கள். என்னையும் சேர்த்தார்கள். நான் வைத்தியர் வேஷம் கேட்டேன்.

"இன்னா மாமா, நாங்க பூதத்த வெட்டசொல்ல நீங்க கட்டு போட்டுக்கினு இருப்பீங்களா?"

"மெஷின் ஓட்ட மூணு பேர் கீறீங்க மாப்ள. நின்னுபோனா யார் பாக்கறது? நான் மொதல்ல ஃபிட்டரத்தான் வேலைக்கு வெப்பேன்."

சிரித்தார்கள். ஆட்டத்தில் பூதம் ஒரே வீச்சில் மூவரையும் சாய்த்தது. மாப்பிள்ளை ஒரு வருஷமாக வளர்த்த வீரன் சாகக் கிடந்தான். செத்தால் திரும்ப வரமாட்டான். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"மாமா, எதாவது பண்ணுங்க!"

பெரிய எண் விழுந்தால்தான் மருந்து பலிக்கும். பகடையை ஊதி உருட்டினேன். விழுந்தது! வீரன் எழுந்து பூதத்தின் தலையைச் சீவினான்.

இப்போது அவர்களின் செல்போன் குழுவில், பூதத்தைக் கொன்றவர் என்று மாப்பிள்ளை பெயர் மட்டும் இருக்கிறது. வெட்டியது அவர் கை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கையை எழுப்பியவன் நான். என் பெயரையும் போடுங்கள், முதலில்.