அப்பாவின் போட்டோவுக்கு மாலை போட்டவர்

பத்து வயதுப் பிள்ளையை ஏமாற்றி விருது வாங்கியவர் அந்த இயக்குநர். அந்தப் பிள்ளை நான்தான். அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் அந்தப் படத்தை மறுபடியும் திரையிடுகிறார்கள். முடிந்ததும் அவர் மேடையேறிப் பேசுவாராம். நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் என் முகம், அழுகிற முகம். என்னை யாரும் கேட்கவில்லை.

அப்போது நாங்கள் சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். இயக்குநர் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பழக்கமானவர். லோரி ஓட்டுகிற ஒருவர் சாலையில் இறந்துபோகிறார், அவர் குடும்பம் என்ன ஆகிறது என்பதுதான் கதை. எங்கள் வீடு அதற்குப் பொருத்தமாம். பெயின்ட் உரிந்த சுவரைத் தடவிப் பார்த்து, ரொம்ப அழகு என்றார். அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி அம்மா இரண்டு வருடமாக அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மகளாக நடிக்க என்னையே பிடித்துக்கொண்டார்கள். படியேறினேன், ஜன்னலோரம் நின்றேன், சோறு சாப்பிட்டேன். எல்லாம் சரியாக வந்தது. அப்பா இறந்தது தெரிந்து அழ வேண்டிய இடம் மட்டும் வரவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற மாமாவைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு. ஆறு தடவை எடுத்தார்கள். ஆறு தடவையும் சிரித்தேன். இயக்குநர் கோபப்படவில்லை.

"பரவால்ல மா. அந்த சீனே வேணாம். உங்க வீட்டு ஷூட்டிங் முடிஞ்சிருச்சு" என்றார்.

மறுநாள் அப்பா விடிவதற்கு முன்பே ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போய்விட்டார். மதியம் பள்ளி விட்டுப் படியேறி வந்தேன். எங்கள் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. முந்தின நாள் ஹாலில் கிடந்த ஒயர்களையும் விளக்குகளையும் காணோம். சுவரோரம் முக்காலியில் அப்பாவின் போட்டோ இருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ரோஜா மாலை போட்டு, முன்னால் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

உயிரோடு இருக்கிறவர் போட்டோவுக்கு எங்கள் ஆட்கள் அப்படி மாலை போடுவதில்லை. யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் கத்தியது எனக்கு நினைவில்லை. பிறகு படத்தில்தான் பார்த்தேன். முதுகில் புத்தகப் பையோடு தரையில் விழுந்து, போட்டோவின் காலைப் பிடிக்கப் பார்க்கிறேன். மார்பு வரைக்கும் எடுத்த போட்டோ அது, கால் எங்கே இருக்கும்? கேமரா, அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் இருந்தது. கீழ்வீட்டு அடுப்பில் படக்குழுவுக்காகத் தேநீர் போட்டுக்கொண்டிருந்த அம்மா சத்தம் கேட்டு ஓடி வந்தார். வந்ததும் மாலையைப் பிய்த்து எறிந்தார். அது படத்தில் இல்லை.

ஷாட்டைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்குப் பயம். "சாரி அங்கிள், ஷூட்டிங்னு தெரியாது" என்றேன். அவர் என் தலையைத் தடவி ஒரு பாக்கெட் மைலோ கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். குளிக்கக்கூட விடவில்லை. அவர் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

படம் வெளிநாட்டில் விருது வாங்கியது. கிள்ளானில் ஒரு தியேட்டரில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். அந்தக் காட்சி வந்தபோது தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சியது. அப்பா மட்டும் குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

பிறகு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். மேருவில் தொழிற்சாலை வேலை செய்யும் பெரியம்மாவும் வந்திருந்தார்.

"அழறதுக்கு ஒரு படமா? எங்க கம்பெனி வேன்ல ஏறுனா சும்மாவே அழலாம் லா" என்றார் பெரியம்மா.

"உங்களுக்குப் பாட்டு வேணும், ஃபைட்டு வேணும். நம்ம வாழ்க்கைய இப்படி எவன் காட்டியிருக்கான்? அவார்டு குடுத்தவன்லாம் முட்டாளா?" என்றார் மாமா.

அப்பா, "நல்ல படம்தான். லோரிக்காரன் கஷ்டம் அப்படியே இருக்கு. பிள்ளையும் நல்லா நடிச்சிருக்கு" என்றார்.

"அது நடிக்கல" என்றார் அம்மா.

"எப்படி எடுத்தா என்ன க்கா? பாக்கிறவனுக்கு அழுகை வருதா, இல்லையா?"

அம்மா மாமாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "போட்டோவ நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. சினிமாவுல முகம் வரும்னு ஆசை, சரி. பிள்ள வந்து எதைப் பாக்கப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அப்பா இலையை மடித்தார். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது.

எனக்கு அம்மா மேல்தான் கோபம். பள்ளியில் என்னை அவார்டு பிள்ளை என்றார்கள். எப்படி அழுதாய் என்று கேட்டவர்களிடம், சோகமான ஒன்றை நினைத்துக்கொண்டேன் என்று பெரிய நடிகை மாதிரி சொல்லி வைத்திருந்தேன். என் நடிப்பை அம்மா எல்லோர் முன்னாலும் இல்லை என்றுவிட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அன்று மேசையில் அம்மா கேட்டது படத்தைப் பற்றியே இல்லை, எனக்கு நடந்ததைப் பற்றி என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார். மாலை போட போட்டோ வேண்டும் என்றபோது அலமாரியிலிருந்து படத்தில் வந்த அதே போட்டோவை எடுத்தேன். "அதுக்குத்தான் ஏற்கனவே மாலை போட்டாச்சே" என்று அம்மா வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அடையாள அட்டையில், ஐசியில், இருந்த போட்டோவைப் பெரிதாக்கி வைத்தோம்.

அந்தப் படத்தை இப்போதும் புகழ்ந்து எழுதுகிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிகிறது. ஆனால் எல்லோரும் புகழ்கிற அந்த ஒரு காட்சியை அவர் இயக்கவில்லை. என்னிடமிருந்து பிடுங்கினார். அந்தப் பாராட்டு அவருக்குச் சேராது.

இயக்குநரே, அடுத்த மாதம் அம்மாவும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். கலை, யதார்த்தம் என்றெல்லாம் பேசுங்கள், கேட்கிறோம். அதற்கு முன் இதற்குப் பதில் சொல்லுங்கள். போட்டோ எதற்கு என்று அப்பாவிடம் சொல்லித்தான் வாங்கினீர்களா, அவரையும் ஏமாற்றி வாங்கினீர்களா? அம்மா கேட்டபோது அவர் சொல்லவில்லை. இனி அவரைக் கேட்க முடியாது. மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொல்லுங்கள்.