பெரகல தாண்டினால் சொல்கிறேன்

பூனாகலையில் வாடகை வான் ஓட்டும் லூக்காஸ் அண்ணன் யாருக்கும் நேரம் சொல்ல மாட்டார். எங்கே வருகிறீர்கள் என்று போனில் கேட்டால், கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயரை மட்டும் சொல்வார். மற்ற வான்காரர்கள் பண்டாரவளையை விட்டே கிளம்பாமல் "இந்தா, வந்துட்டோம்" என்பார்கள். எங்கள் மலையில் அதை யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை.

அம்மா இறந்த செய்தி கேட்டு, டோஹாவில் வீட்டு வேலை செய்யும் அக்கா விஜயலெட்சுமி விமானம் ஏறினாள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டவர் லூக்காஸ் அண்ணன். கடலைத் தாண்டி வர அவளுக்கு ஆன நேரத்தைவிட, அங்கிருந்து ஹல்துமுல்ல, பெரகல, ஹப்புத்தள என்று மலையேறி எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துசேரத்தான் அதிக நேரம் பிடிக்கும். அன்று விடிந்ததிலிருந்து மழை வேறு.

பிற்பகலில் அழகையா மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. அம்மாவின் தம்பி அவர். காரியத்தை நடத்துபவரும் அவர்தான். தேயிலைக்கு நடுவே வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டால் அந்த வழுக்கு மேட்டில் பாடையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. அக்காவோ வாய்க்கரிசி போடவேண்டும். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவேண்டும்.

போனைச் சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"ஹல்துமுல்ல தாண்டியாச்சும்மா."

மாமா குறுக்கே புகுந்தார். "எத்தன மணிக்குப்பா வருவ?"

"பெரகல தாண்டுனா சொல்றேண்ணே."

"இவன்கிட்ட கேக்குறதுக்கு எரும மாட்டுக்கிட்ட கேக்கலாம்!"

கொஞ்ச நேரத்தில் லூக்காஸ் அண்ணனே அழைத்தார். "அண்ணே, பெரகலைக்கு இந்தப் பக்கம் மண்ணு சரிஞ்சி கெடக்கு. வான் வராது. சனங்க நடந்து தாண்டுறாங்க. நானும் புள்ளயக் கூட்டிக்கிட்டு நடக்குறேன். அந்தப் பக்கம் என் மச்சான் சஜீவன் ஆட்டோவோட நிக்கிறான்."

வாசலில் நின்றவர்கள், இனி எடுத்துவிடலாம் என்றார்கள். மாமா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தா வந்துட்டோம்னு சொல்லியிருந்தா இப்பவே தூக்கியிருப்பேன். வான் வராதுன்னு சொன்னான் பாரு, அவன் வந்துருவான். போயி குழித் தண்ணிய எறைங்கப்பா."

அதன்பிறகு ஒரே ஒரு முறைதான் போன் அடித்தது. "பெரகல தாண்டியாச்சு." அவ்வளவுதான். மாமா அரிசியை நனைத்து வைக்கச் சொன்னார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஆட்டோ வந்து நின்றது. அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். பின்னால் லூக்காஸ் அண்ணன், இடுப்புவரை சேறு, தலையில் அவளுடைய பெட்டி. அக்கா அம்மாவின் வாயில் அரிசியை இட்டு, கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். அவரோ பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வாளியை வாங்கிக்கொண்டு குழிப் பக்கம் போனார்.

எல்லாம் முடிந்து கால் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குச் சோறு போடும் வான், சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம், மழையில் தனியாக நின்றது.

"வான எப்பண்ணே எடுப்பீங்க?" என்றேன்.

தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

"மொதல்ல ஹப்புத்தள தாண்டுறேம்மா. தாண்டிட்டு சொல்றேன்."